பன்றிக் காய்ச்சலுக்கு வடக்கில் ஓர் ஆய்வுகூடம் வேண்டும்

பன்றி தீன் எடுக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கிறது. உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது. காதோரமும் அடிவயிறும் சிவந்து, பிறகு நீலம் பாய்கிறது. சில நாட்களுக்குள் கொட்டிலே காலி. இது பழைய பன்றிக் காய்ச்சலா, ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலா என்று எவ்வளவு கைதேர்ந்த கால்நடை வைத்தியராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முன்னதற்குத் தடுப்பூசி உண்டு. பின்னதற்கு மருந்தே கிடையாது.

2024 ஒக்டோபரில் மேல் மாகாணப் பண்ணைகளில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. நாடு இதற்காக நம்பியிருப்பது பேராதனை, கன்னொருவவிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தை. அங்குள்ளவர்களின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பூநகரியிலிருந்து அது 250 கிலோமீற்றருக்கும் அப்பால். இரத்தக் குழாயை ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டியில் அடைத்து, பரந்தன் போய், ஏ9 வீதியால் கண்டிவரை அனுப்ப வேண்டும். வெயிலில் ஐஸ் கரைந்து இரத்தம் பழுதானால் பட்ட பாடெல்லாம் வீண். முடிவு வரும்வரை வளர்ப்பவர் என்ன செய்வார்? கடன்காரர் வாசலில் நிற்க, மிஞ்சிய பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். நோயும் இறைச்சியோடு ஊர் ஊராகப் போகும். உறைய வைத்த இறைச்சியில்கூட இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனை இங்கே அவ்வளவு உதவாது. அது இரத்தத்தில் தெரிய ஒரு வாரமளவில் ஆகும்; அதற்குள் பன்றி செத்துவிடும். வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர்தான் தேவை. மாதிரி கைக்கு வந்தால் சில மணி நேரத்தில் விடை சொல்லிவிடும். கொரோனாக் காலத்தில், 2020இலேயே, யாழ்ப்பாணத்தில் பிசிஆர் செய்தார்கள். மனிதருக்குச் செய்யத் தெரிந்த கைகளுக்கு, உரிய பயிற்சியும் பாதுகாப்பும் கொடுத்தால், பன்றிக்குச் செய்வது எட்டாத காரியமல்ல. ஒரே வெப்பநிலையில் இயங்கும் லாம்ப் முறைக்கு அவ்வளவு விலையான இயந்திரமும் வேண்டியதில்லை.

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. அதனால் ‘பன்றி வளர்ப்பவன் பாடு’ என்று ஒதுங்கிவிடலாமா? வவுனியாவுக்கு அடுத்திருக்கும் அநுராதபுரத்தில் 1980களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பல உயிர்களைக் குடித்தது. பன்றியின் உடலில் பெருகிய வைரஸை வயல் நுளம்புகள் மனிதருக்குக் கொண்டு வந்தன. மொட்டைக்கறுப்பன் விளையும் நம் வயல்களிலும் நுளம்பு உண்டு. இரவில் காட்டுப்பன்றி இறங்குகிறது. வரம்போரம் ஒன்று செத்துக் கிடந்தால் அதை யார் பரிசோதிப்பது?

மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும், அறிவியல்நகரில் விவசாய பீடம் வைத்திருக்கும் யாழ். பல்கலைக்கழகமும் ஒரு மேசையில் அமர்ந்து, பன்றி நோய்களுக்கான பிசிஆர் ஆய்வுகூடத்தை வன்னியிலேயே நிறுவ வேண்டும். அடுத்த மாகாண வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். அதுவரை, மாதிரி எடுத்த அன்றே குளிர்பெட்டியோடு பேராதனைக்குப் புறப்படும் அரச வாகனம் ஒன்றாவது ஓடட்டும். அந்தச் செலவை வளர்ப்பவர் தலையில் கட்டக் கூடாது.