மர்மமும் இல்லை, மாயமும் இல்லை

பல்கேரியா என்றால் ரொம்ப நாளாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். 2010-ல் சோஃபியாவில் நம்ம ஆனந்த், டோபலோவை அவர் நாட்டிலேயே வைத்து ஜெயித்தது. இப்போது ரெண்டாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, அந்த ஊர்ப் பெண்களின் கூட்டுப் பாட்டு. புனே டிராஃபிக்கில் தினம் ஒன்றரை மணி நேரம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது :-)

இந்தப் பாட்டுகளை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர் மார்செல் செல்லியே என்ற சுவிஸ்காரர். 1975-ல் அவர் போட்ட இசைத்தட்டின் பெயர் 'பல்கேரியக் குரல்களின் மர்மம்'. 1986-ல் லண்டன் கம்பெனி ஒன்று அதை மறுபடி வெளியிட, பிரபலமாகிவிட்டது. ரெண்டாவது தொகுதிக்கு 1990-ல் கிராமி விருதே கிடைத்தது. அந்த 'மர்மம்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

என்ன பெரிய மர்மம்? சோஃபியாவைச் சுற்றியுள்ள ஷோப் வட்டாரக் கிராமங்களில் பெண்கள் காலங்காலமாக ரெண்டு குரலில் பாடுகிறார்கள். ஒரு குரல் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று ச-வும் ரி-யும் சேர்ந்து ஒலித்தாற்போல அதை உரசிக்கொண்டே போகும். நமக்கு அபஸ்வரம், அவர்களுக்கு அதுதான் அழகு. பிஸ்த்ரித்ஸா ஊர்ப் பாட்டிகளின் இந்தப் பாட்டை 2005-ல் யுனெஸ்கோவே அங்கீகரித்தது.

1950-களின் தொடக்கத்தில் ஃபிலிப் கூதெவ் என்ற இசையமைப்பாளர் கிராமத்துப் பாடகிகளைத் திரட்டினார். ஊர்ப் பாட்டுகளைப் பல குரலுக்கு விரித்து மேடைக்காக எழுதினார். செலவு அரசாங்கத்துடையது. ஆக, நாம் கேட்டு உருகுவது அப்படியே 'ஆதிகால' இசை இல்லை. கிராமத்துத் தொண்டையும் படித்தவர் பேனாவும் சேர்ந்து செய்த உழைப்பு. அதில் குறைவு ஒன்றும் இல்லை. மர்மம் என்று சொன்னால்தான் அந்த உழைப்பு மறைந்துபோகிறது.

ஆட்டத்துக்கான இசையைக் கேட்டால் நமக்கு இன்னும் நெருக்கம். பைதுஷ்கோ 5 எண்ணிக்கை, 2+3. அட, கண்ட சாபு! ராச்செனித்ஸா 7, ஆனால் 2+2+3. நம்ம மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்டாற்போல. கோபானித்ஸா 11, அதாவது 2+2+3+2+2. நமக்குக் கச்சேரியில் கை போட்டு எண்ண வேண்டியதை, அங்கே கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கைகோத்துக்கொண்டு காலாலேயே எண்ணிவிடுகிறார்கள்.

கல்யாணம் என்றதும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆட்டங்களுக்கு வாசித்தவர்களில் நிறையப் பேர் ரோமா இனத்தவர், துருக்கியர். கிளாரினெட் மேதை ஈவோ பாபசோவ் அப்படி வந்தவர்தான். கூட்டுப் பாட்டை 'தூய' தேசிய இசை என்று உலகத்துக்குக் காட்டிய அதே அரசு, இவர்கள் வாசிப்பில் துருக்கிய வாசனை அடிக்கிறது என்று முகம் சுளித்தது. பாபசோவ் 1980-களில் ஜெயிலுக்கே போக வேண்டியிருந்தது. 1984-85 குளிர்காலத்தில் லட்சக்கணக்கான துருக்கியர்களின் பெயர்களையே கட்டாயப்படுத்தி மாற்றினார்கள். பெயரையே பிடுங்கியவர்கள் பாட்டை மட்டும் விட்டுவைப்பார்களா?

அதனால் என் கட்சி இதுதான். கூட்டுப் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு பல்கேரிய இசை தெரியும் என்று சொல்லாதீர்கள். அரசு காட்டியது பாதி, ஒளித்தது மீதி. ரெண்டையும் கேட்க வேண்டும். ஸ்தெஃப்கா சபோதினோவாவின் தனிக்குரலில் தொடங்குங்கள், அடுத்து பாபசோவின் கிளாரினெட். அப்புறம் வாலியா பால்கன்ஸ்கா. 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் போன தங்கத் தட்டில் அவர் பாட்டு இருக்கிறது. அதே தட்டில் நம்ம கேசர்பாய் கேர்க்கரும் இருக்கிறார். ரெண்டு பேரும் ஒன்றாகச் சூரிய மண்டலத்தையே தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் ஹெட்ஃபோனையாவது மாட்டலாமே!