மேற்பிரிவுக்குச் செல்வது எப்போது?

இலண்டனில் வாழும் எனது பெறாமகள் வழமையாகச் சனிக்கிழமைகளில்தான் தொலைபேசி எடுப்பாள். கடந்த வாரம் புதன்கிழமை இரவே அழைப்பு வந்ததால் சற்றுப் பதறிப்போனேன். விடயம் வேறு.

"சித்தப்பா, என்ரை வயதுப் பிரிவிலை இரண்டு தரம் மூன்றாமிடம் வந்திட்டன். இனி ப்ரோவுக்குப் போகச் சொல்லி எல்லாரும் சொல்லுகினம். போகவோ, நிக்கவோ?"

உடற்பயிற்சிக் கூடமொன்றின் படியைக்கூட மிதித்திராத என்னிடம் இதை ஏன் கேட்கிறாள் என்று முதலில் எண்ணினேன். யோசித்துப் பார்த்தபோது, இந்தக் கேள்வியை வேறு வடிவத்தில் நானும் ஒருகாலத்தில் எதிர்கொண்டவன் என்பது நினைவுக்கு வந்தது. அதனால்தான் இந்தப் பத்தி.

அவள் ஓடுவது ஹைரொக்ஸ் என்ற போட்டி. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், விளையாட்டு நிகழ்வு ஏற்பாட்டாளரான கிறிஸ்ரியன் ரோட்ஸ்கேயும், 2008 இலும் 2012 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜேர்மன் ஹொக்கி அணியில் ஆடிய மொறிற்ஸ் ஃபியூர்ஸ்ரேயும் சேர்ந்து உருவாக்கியது. முதற்போட்டி 2018 இல் அந்நகரிலேயே நடைபெற்றது. ஒரு கிலோமீற்றர் ஓட வேண்டும். பின்னர் ஒரு பயிற்சியை முடிக்க வேண்டும். மீண்டும் ஒரு கிலோமீற்றர். இவ்வாறு எட்டு ஓட்டங்கள், எட்டுப் பயிற்சிகள். எந்த நாட்டில் நடந்தாலும் வரிசையும் தூரமும் ஒன்றே.

தனிநபராகப் போட்டியிடுவோருக்கு ஓபன், ப்ரோ என்ற இரு பிரிவுகள் உண்டு. ஓட்டத்தில் வேறுபாடில்லை. பனிச்சறுக்குத் தடியை இழுப்பது போன்ற இயந்திரம், துடுப்பு இயந்திரம், குப்புற வீழ்ந்து எழுந்து முன்னோக்கிப் பாய்தல் ஆகிய மூன்றும் இரு பிரிவினருக்கும் பொதுவானவை. மாறுவது எஞ்சிய ஐந்திலும் உள்ள பாரம் மட்டுமே. பெண்களுக்கான கணக்கைப் பாருங்கள். சில்லில்லாத சறுக்குவண்டியைத் தள்ளுவதற்கு ஓபனில் 102 கிலோ, ப்ரோவில் 152. அதை இழுப்பதற்கு 78, 103. இரு கைகளிலும் சுமந்து நடக்கும் பாரம் கைக்கு 16, 24. முழங்கால் நிலத்தைத் தொடத் தொட நடக்கும்போது தோளில் ஏற்றும் மணல்மூட்டை 10, 20. இறுதியாகச் சுவரில் உள்ள இலக்குக்கு எறியும் பந்து 4 கிலோ, 6 கிலோ. ப்ரோவுக்குச் செல்லும் பெண் சுமப்பது, ஓபனில் ஓடும் ஆணின் பாரத்தையே. பந்தெறியும் இலக்கின் உயரம் மட்டுமே பெண்களுக்குச் சற்றுக் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ப்ரோவில் பதிவதற்குத் தகுதிகாண் போட்டி எதுவும் கிடையாது. பதிவுப் படிவத்தில் எந்தப் பிரிவைத் தெரிவு செய்வது என்பது அவரவர் விருப்பம். உதைபந்தாட்டக் கழகம் ஒன்றைப் புள்ளிப்பட்டியல் மேலே ஏற்றும், கீழே இறக்கும். இங்கே ஏற்றுபவரும் இல்லை, இறக்குபவரும் இல்லை. தன்னைத் தானே எடைபோட வேண்டும். மனிதருக்கு அதைவிடச் சிரமமான வேலை வேறில்லை.

அவளது நண்பர்கள் கூறும் காரணம், இரண்டு தடவை மேடையேறியவள் அங்கேயே நிற்பது புதியவர்களின் இடத்தைப் பறிப்பதாகும் என்பது. இதை நான் ஏற்கவில்லை. விதி அனுமதிக்கும் பிரிவில் ஓடுபவர் எவரது இடத்தையும் பறிப்பதில்லை. மேலும், பிறர் வாய்க்குப் பயந்து மேலே ஏறுபவர் அதே வாய்க்குப் பயந்து கீழேயும் இறங்குவார்.

மூன்றாமிடம் என்பதும் போதிய காரணமாகாது. இடம் என்பது அன்று யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. நேரத்தைக்கூட முழுமையாக நம்ப முடியாது. சறுக்குவண்டி வழுக்கும் விரிப்பு அரங்குக்கு அரங்கு வேறுபடுவதால், ஒரே பாரம் ஓரிடத்தில் இலகுவாகவும் இன்னோரிடத்தில் நங்கூரமிட்டது போலவும் இருக்கும் என்று அவளே சொல்கிறாள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உன்னை மூன்றாமிடத்துக்குக் கொண்டுவந்தது காலா, கையா?"

அவள் பாடசாலைக் காலத்திலிருந்தே ஓட்டக்காரி. ஓபனின் பாரம் அவளது பலவீனத்தை மூடி மறைக்கிறது. பாரத்தில் இழக்கும் வினாடிகளை ஓட்டத்தில் மீட்டுவிடுகிறாள். ப்ரோவில் அந்த மூடி திறக்கும். வண்டி தள்ளிய கால்களுடன் அடுத்த கிலோமீற்றரை ஓடும்போதுதான் உண்மை தெரியும். உடல்வலு மிக்க, ஓட்டம் குறைந்த ஒருவருக்கு நிலைமை நேர்மாறு. பாரம் கூடக்கூட அவருக்கு அனுகூலமும் கூடலாம். ஆகவே ஒரே நேரத்தில் போட்டியை முடிக்கும் இருவருக்கு ஒரே விடை கிடையாது.

இனி என் கதை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொழும்புப் பத்திரிகையொன்றில் பிராந்தியச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே செய்தேன் என்றார்கள். அரசியல் பத்தி எழுதுமாறு ஆசிரியர் இரண்டு தடவை கேட்டார். "இன்னும் தயாரில்லை ஐயா" என்று இரண்டு தடவையும் மறுத்தேன். அதை அடக்கம் என்று பலர் பாராட்டினர். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பிராந்தியப் பக்கத்தில் நான் பெரியவன். அரசியல் பக்கத்தில் கடைக்குட்டி. அந்தச் சிறுமைக்கு அஞ்சினேன். மூன்றாம் தடவை ஒப்புக்கொண்டபோது ஐந்து வருடங்கள் கழிந்திருந்தன. முதல் மூன்று மாதங்களும் எனது பிரதி சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. என் எழுத்தில் ஏதாவது உரம் உண்டெனில் அது அந்த மூன்று மாதங்களில் ஏறியது. அதற்கு முந்திய ஐந்து வருடங்களை எவரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை, நானேதான் தொலைத்தேன்.

மறுபக்கமும் உண்டு. என்னுடன் பணியாற்றிய இளைஞர் ஒருவர் செய்தியாளராக இரண்டு வருடம் நிறைவதற்குள் பிரதான மேசையைத் தானே கேட்டு வாங்கினார். கெட்டிக்காரர். ஆனால் பதவிப்பெயர் மீதிருந்த ஆசை வேலையின் மீது இருக்கவில்லை. ஒரு வருடத்தில் பத்திரிகைத் துறையையே விட்டு விலகினார். காலம் தாழ்த்தியவனுக்கு வருடங்கள் போயின. அவசரப்பட்டவருக்குத் தொழில் மீதிருந்த விருப்பமே போயிற்று.

எனவே பெறாமகளுக்கு நான் சொன்னது இதுதான். எட்டு வாரங்கள் ப்ரோவின் பாரத்துடன் பயிற்சி செய். களைப்பில்லாத உடலுடன் அல்ல, ஓடி முடித்த கால்களுடன். அப்போதும் முழங்கால் நிலத்தைத் தொடுகிறதா, பந்தெறியும்போது முழுமையாகக் குந்தி எழுகிறாயா என்று பார். பிழையாகச் செய்வது போட்டியில் கணக்கில் வராது; முதுகுக்கும் ஆகாது. உருக்குலைந்தால் ஓபனில் நில், அதில் வெட்கமில்லை. உருக்குலையவில்லை என்றால், அதன் பின்பும் உன்னை அங்கே நிறுத்துவது பதக்கம் மட்டுமே. இது ஒருவழிப் பாதையும் அல்ல. சரிவராவிட்டால் அடுத்த தடவை ஓபனிலேயே பதியலாம்.

கீழ்ப்பிரிவு உனக்குக் கற்றுக்கொடுப்பதை நிறுத்தும் நாளே மேலே போக வேண்டிய நாள். அதற்கு முன் போவது ஆசை. அதற்குப் பின்னும் நிற்பது, என்னைப் போல, அச்சம்.

சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பின்னர் கேட்டாள்: "கடைசியா வந்தால்?"

"வந்தால் வா. அண்டைக்கும் போன் எடு."

"சரி சித்தப்பா. ஆனால் பேப்பரிலை மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

பேப்பரில் எழுதவில்லை.