அசதி என்று விட்டுவிடாதீர்கள்

காசநோய்க்கு மருந்து உட்கொள்ளும் ஒருவர் பகலெல்லாம் உறங்குகிறார். எழுப்பினால் நாளும் கிழமையும் மாறிப் பேசுகிறார். "உடம்பில் தெம்பில்லை, உறங்கட்டும்" என்று வீட்டார் எண்ணுவது இயல்பே. ஆயினும் அதை வெறும் அசதி என்று விட்டுவிடலாகாது. இரத்தத்தில் சோடியம் குறைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம்.

காசநோய்க் கிருமி நுரையீரலோடு நில்லாமல் இரத்தத்தின் வழியே பல உறுப்புகளுக்கும் பரவுவதுண்டு. அத்தகைய நோயாளிகளிடம் சோடியம் குறைவது அரிதன்று. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய சோடியம் மிகவும் குறைந்தால், மூளையின் செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்குகின்றன. குமட்டல், தலைவலி, மனக்குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு என்று அது முற்றக்கூடும்.

உணவில் உப்புப் போதவில்லை என்பதே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் காரணம் வேறு. உடலில் நீரைத் தேக்கும் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால், நீர் மிகுந்து சோடியம் நீர்த்துப்போகிறது. அத்தகையவர் பருகும் நீரைக் குறைக்க வேண்டியிருக்கும். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளைக் கிருமி சிதைத்திருந்தாலோ, உடல் உப்பை இழக்கிறது. 1855-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த நோய் இதுவே. இவருக்கு ஸ்டீராய்டு மருந்தும், நரம்பு வழியே உப்பு நீரும் தேவை. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குத் தீங்காகலாம்.

ஆகவே, வீட்டில் நாமே உப்புக் கரைசலோ இளநீரோ கொடுத்துச் சரிசெய்ய முயல்வது தவறு. இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிகுதி. அட்ரீனல் பாதிக்கப்பட்டவருக்குப் பொட்டாசியம் முன்பே கூடியிருக்கக்கூடும். மருத்துவமனையிலும் சோடியத்தைப் படிப்படியாகவே உயர்த்துவர். விரைந்து உயர்த்தினால் மூளை நரம்புகள் பழுதடையலாம். இதில் தாமதம் அலட்சியமன்று.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறிந்தவுடனேயே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்து, கவலைக்கிடமானவர்களைப் பிரித்தறிகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடு. "இவர் தெளிவாகப் பேசுகிறாரா?" என்ற வினாவையும் அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. அதற்கு விடை சொல்லத் தக்கவர் உடனிருப்பவரே. நேற்றுவரை அவர் எப்படிப் பேசினார் என்பதை மருத்துவர் அறியார், நீங்கள் அறிவீர்கள்.

பேச்சிலோ நடையிலோ மாற்றம் கண்டால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராதீர்கள். காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வந்து, "சோடியம் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. அதுவும் மருத்துவத்தில் ஒரு பங்கு.