கட்டம் நமதாகட்டும்!



இதழ் என்றவுடன் நாம் கவிதையை எண்ணுகிறோம், கட்டுரையை எண்ணுகிறோம். அவை குடியேறும் பக்கத்தை எண்ணுவதில்லை. எழுதியவன் ஒரு திங்கள் உழைக்கிறான். அதை அடுக்கி அழகுபடுத்த நாம் ஒதுக்குவதோ ஓர் இரவு! கருத்து நன்றாயிருந்தால் போதாதோ என்று கேட்பர் சிலர். போதாது என்பதே என் துணிபு. இயற்பியல் பயில்பவன் நான். கரியணுக்கள் ஒருவகையாய் அடுக்கப்பட்டால் வைரம். வேறுவகையாய் அடுக்கப்பட்டால் பென்சிலின் எழுதுகரி. பொருள் ஒன்றே, அடுக்கு மாறத் தன்மையும் மாறுகிறது. எழுத்துக்கும் இது பொருந்தும்.

பக்கத்தை அடுக்கும் கலைக்கு அடிப்படை, கட்டம். இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்ற மென்பொருள்களில் இதனை 'கிரிட்' என்பர். பக்கத்தின் மீது கண்ணுக்கு மட்டும் தெரியும், அச்சில் வாராது. நெடுங்கோடுகள் பத்தியின் அகலத்தை வரையறுக்கும். கிடைக்கோடுகள் வரிகள் அமரும் தளத்தை வரையறுக்கும். சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர் யோசெஃப் முல்லர்-புரோக்மன் 1981-இல் இதனை ஒரு முழுநூலாகவே விளக்கி எழுதினார். ஆனால் நம் அம்மாவும் அக்காவும் வாசலில் புள்ளி வைத்துவிட்டுத்தானே கோலத்தின் இழையை இழுத்தார்கள்? முதலில் ஒழுங்கு, பின்னர் அழகு என்பது நாம் அறியாத பாடமன்று.

"கட்டம் கற்பனையைக் கட்டிப்போடும்" என்று கூறுவோர் உளர். அவர்களை நான் குடியிருக்கும் கோவண்டிக்கு அழைக்கிறேன். இங்குள்ள சிவாஜி நகர், நகரின் பிற பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களுக்காக 1970களில் மாநகராட்சி வகுத்த குடியிருப்பு. நேர்கோடு நேர்கோடாய்ச் சந்துகள். சிறு சிறு மனைகள். ஆயினும் ஒரு வீடு போல் மறுவீடு உண்டா? ஒருவர் பரண் அமைத்தார். ஒருவர் கடை வைத்தார். ஒருவர் மேல்மாடி எழுப்பினார். கட்டம் ஒன்று, வாழ்வு பல. ஆகவே கட்டம் கற்பனையின் பகையன்று. ஆனால் அதே சந்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: வெளிச்சம் எங்கே? காற்று எங்கே? வாழ வந்தோரின் தேவையை அளவாகக் கொள்ளாமல் மனையைக் குறுக்கியதன் விளைவு அது. குற்றம் கட்டத்தில் இல்லை, அளவில் இருக்கிறது.

தமிழுக்கு நேர்வதும் இதுவே! நம் வளாகத்து இருமொழிச் சுவரொட்டிகளைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கென அளந்த கட்டத்தில் தமிழைத் திணிக்கிறார்கள். இன்டிசைன் தானாக இடும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 விழுக்காடு; பத்துப் புள்ளி எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழ் எழுத்துக்கோ மேலே மேல்விலங்கு, கீழே கீழ்விலங்கு. மேல்வரியின் 'மூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்கின்றன. "தமிழ் படிக்கச் சிரமமாயிருக்கிறது" என்று நம் இளவல்கள் ஒதுங்குகிறார்கள். சிரமம் மொழியிலா, இடைவெளியிலா? புலம்பெயர்ந்த வீட்டில் பிறந்து, பள்ளியில் தமிழ் கிடைக்காமல், கடைப்பலகையையும் விழா அழைப்பையும் பார்த்தே எழுத்துக் கூட்டிய பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு நெருக்கிய வரி என்பது சாத்திய கதவு.

பழைய அச்சுக்கோப்பவர் இதை அறிந்திருந்தார். ஈய எழுத்துகளைக் கோத்து, வரிகளுக்கிடையே ஈயப் பட்டைகளைச் செருகினார். அந்த ஈயத்தின் பெயரால்தான் மென்பொருள் இன்றும் வரி இடைவெளியை 'லெடிங்' என்கிறது.

நமக்கேற்ற ஓர் அளவு சொல்கிறேன். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இருபுறமும் 17 விட்டால் எஞ்சுவது 176. அதனை 26 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆறு நெடும்பட்டைகளாக, இடையே 4 மில்லிமீட்டர் விட்டுப் பிரியுங்கள். மூன்று பட்டைகள் சேர்ந்தால் 86 மில்லிமீட்டர்ப் பத்தி, அது கட்டுரைக்கு. இரண்டு சேர்ந்தால் 56. அது செய்தித் துணுக்குக்கு. நான்கு சேர்ந்தால் 116. கவிதை அதில் காலாற நடக்கலாம். தாளின் உயரம் 297. மேலே 20, கீழே 22 விட்டால், வரிக்கு 5 மில்லிமீட்டர் வீதம் சரியாக 51 வரிகள். ஐந்து மில்லிமீட்டர் ஏறத்தாழப் பதினான்கு புள்ளி. பத்துப் புள்ளித் தமிழ் தாராளமாய் மூச்சுவிடும். ஆங்கிலப் பத்தியும் அருகிலிருந்தால் அதுவும் இதே வரித்தளத்தில் அமரட்டும். இம்முறை தமிழின் அளவுக்கு ஆங்கிலம் இசையட்டுமே!

இன்னொன்று. தமிழ்ச் சொல் நீண்டது. 'பல்கலைக்கழகங்களுக்கிடையேயான' என்னும் ஒரே சொல் 56 மில்லிமீட்டர்ப் பத்தியில் ஒரு வரியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அங்கே இருபக்கமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாய் வெள்ளை தெரியும். குறுகிய பத்தியில் வலப்பக்கத்தைச் சமனின்றி விட்டுவிடுவதே அறிவுடைமை.

பணமில்லையே என்று தயங்க வேண்டா. ஸ்கிரைபஸ் விலையின்றிக் கிடைக்கிறது. எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. விண்டோஸுடன் வந்த 'லதா' எழுத்துரு, மும்பையில் பணியாற்றிய ரகுநாத் ஜோஷியின் வழிகாட்டலில் உருவானது. 'முக்தா மலர்' என்னும் கட்டற்ற தமிழ் எழுத்துருவைத் தந்ததும் இந்நகரின் ஏக் டைப் நிறுவனமே. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாநகரில் நம் எழுத்துக்கு உருக்கொடுக்க உழைத்திருக்கிறார்கள். நாம் அதற்கு இடங்கொடுக்கவேனும் உழைக்க வேண்டாமா?

எனவே மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த இதழுக்குப் படைப்புகளைக் கேட்கும் முன் பக்கத்தின் அளவை முடிவு செய்யுங்கள். அதை எழுதி வையுங்கள். பின்வரும் ஆசிரியர் குழுவினரிடம் ஒப்படையுங்கள். ஆண்டுதோறும் மாணவர் மாறுவர், அளவு நிலைக்கட்டும். வந்த நகரத்தில் நமக்கென ஓர் இடம் தேடி அலைந்தவர்களின் பிள்ளைகள் நாம். நம் மொழிக்குத் தாளிலாவது போதிய இடம் தருவோம்!