நிரம்பாத வட்டம்

வட்ட வரைபு என்றதும் கவராயமும் பாகைமானியுமே நம் நினைவுக்கு வரும். ஒரு சதவீதத்திற்கு 3.6 பாகை எனக் கணக்கிட்டு, கூறுகளை வகுத்து, வர்ணந்தீட்டி மகிழாத மாணவர் உளரோ? 1801ஆம் ஆண்டில் வில்லியம் பிளேபெயர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் பரந்துகிடந்த விதத்தை வட்டமொன்றைக் கூறிட்டுக் காட்டினார். அவ்வழக்கம் இன்று பாடசாலைதோறும் பரவியுள்ளது.

கையால் வரையாமல், வட்டத்தை எழுதியே ஆக்கும் முறையும் உண்டென்பதை அண்மையிலேதான் அறிந்தேன். பல்கலைக்கழகத்திற் பயிலும் என் மகள் தன் ஆய்வுக் கட்டுரையை ‘லேடெக்’ என்னும் அச்சுக்கோப்பு மொழியில் எழுதுகிறாள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் குனூத் 1978இல் வெளியிட்ட ‘டெக்’ என்னும் முறையின்மீது, 1980களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியெழுப்பிய மொழி இது. தலைப்பு எது, அட்டவணை எது என்று நாம் கட்டளைகளாற் குறித்துவிட்டால், அச்சுக்கோப்பவரின் வேலையைக் கணினியே செய்துவிடும்.

வட்ட வரைபுக்கென இதிலே ‘பிஜிஎஃப்-பை’ என்றொரு துணைப்பொதி உண்டு. கோப்பின் முகப்பில் அதனை அழைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர், படம் வேண்டிய இடத்தில் ‘பை’ என்னும் கட்டளையை எழுதி, அடைப்புக்குள் எண், சாய்கோடு, பெயர் என்ற ஒழுங்கில் ஒவ்வொரு கூற்றையும் காற்புள்ளியிட்டு நிரைப்படுத்தினாற் போதும். ஆரையையும் வர்ணத்தையும் நாமே குறிக்கலாம். ஒரு கூற்றை வெளியே தள்ளியும் காட்டலாம். எண்ணை மாற்றினால் படமும் மாறும், அழிறப்பருக்கு வேலையில்லை.

பழகிப் பார்க்கும் ஆவலில் எங்கள் வீட்டுச் செலவையே எடுத்துக்கொண்டேன். மனைவி சொல்லச் சொல்ல, என் சம்பளத்தின் நூற்றுவீதங்களாக எழுதினேன்: உணவு 46, கல்வி 18, போக்குவரத்து 12, மின்சாரமும் மருந்தும் 10, கோயிலும் உறவினரும் 6. முடித்துப் பார்த்தால் வட்டம் மூடவில்லை. ஏறக்குறைய 29 பாகை வெறுமையாகக் கிடந்தது. பொதி எதிர்பார்ப்பது 100. நான் கொடுத்ததோ 92.

“அப்பா, ‘சம்’ எண்டதுக்கு ‘ஆட்டோ’ எண்டு போட்டால் வட்டம் தானாய் நிரம்பிவிடும்” என்றாள் மகள்.

உண்மைதான். அவ்வாறு குறித்தால், கொடுத்த எண்களின் கூட்டுத்தொகையையே முழுமையெனக் கொண்டு கணினி வரைந்துவிடும். ஒரு வகுப்பில் எத்தனை மாணவர் எப்பாடத்தைத் தெரிந்தனர் என்று காட்டுவதற்கு அது மிகப் பொருத்தம். ஆனால், சம்பளம் என்னும் முழுமை முன்னரே தெரிந்திருக்கையில் அப்படி நிரப்புவது வெறுமையை மறைப்பதாகும். “வேண்டாம், பிள்ளை” என்றேன்.

அந்த எட்டு எங்கே போயிற்று? மனைவி சற்று நேரம் பேசாதிருந்தாள்.

“பிள்ளையின்ரை படிப்புக்குத்தானே. உங்களுக்குச் சொல்லி ஏன் கவலைப்படுத்துவான் எண்டு விட்டிட்டன்.”

மகளுக்கு மடிக்கணினி வாங்கியபோது தன் சங்கிலியை அடைவு வைத்தாளாம். மாதந்தோறும் அதற்கு வட்டி. கொளுக்கி அறுந்து தட்டாரிடம் கிடக்கிறது என்றல்லவா நான் நம்பியிருந்தேன்!

மகள் ஒன்றும் பேசவில்லை. கணினியைத் தன்பக்கம் இழுத்து, 8 என்று எழுதி, சாய்கோடிட்டு, ‘அம்மாவின் சங்கிலி’ என்று சேர்த்தாள். வட்டம் மூடியது. அன்றிரவே தன் ஆய்வுக் கட்டுரையையும் திறந்தாள். வினாக்கொத்துக்கு விடையளிக்காதோரை அதிலுள்ள வரைபில் விட்டிருந்தாளாம். அவர்களுக்கும் ஒரு கூறு கொடுத்தாள்.

என் மாணவர்க்கு நான் இப்போது சொல்வது இதுவே: கூறுகளை எழுதுமுன் முழுமை எதுவென்று கேளுங்கள். கருவி எழுதியதைத்தான் வரையும். எழுதாது விட்டதை நாமே தேடவேண்டும்.

அந்த எட்டை விரைவில் வட்டத்தைவிட்டு நீக்கவேண்டும். அதற்குக் ‘கல்வி’ என்னும் கூற்றுக்குள் ஒளிந்திருக்கும் என் புத்தகச் செலவைத்தான் முதலிற் குறைக்கவேண்டும்.