பூனைக்காலியை வேரோடு அழிப்பது தகுமா?

வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியைக் குடியானவர்கள் கண்டவுடன் வெட்டி எறிகின்றனர். முதிர்ந்த காயின் சுணை உடம்பிற் பட்டால் தாங்கொணா அரிப்பு உண்டாவது உண்மையே. ஆயினும் குற்றம் சுணையினுடையது, கொடியினுடையதன்று.

விதையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேற்பட்ட புரதம் உண்டு. தென்மலைக் காணிப் பழங்குடியினர் அதனைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துவிட்டே உண்பர். இம்முறையைக் கைவிட்டு உண்போர்க்கு வாந்தி நேரும். அதற்குக் காரணமான டோபா என்னும் பொருள் 1937-ம் வருஷத்தில் சென்னையில் இவ்விதையினின்று பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே நடுக்குவாதத்திற்கு மருந்தாகவும் பயன்படுகின்றது.

ஆதலின், ஆள் நடமாட்டமுள்ள இடங்களிற் படர்ந்த கொடியைக் காய்க்குமுன் அறுத்துப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுக, மற்றவிடங்களில் விட்டுவைக்க. பயிரிட விரும்புவோர் சுணையற்ற வகையைத் தேர்வது நலம்.