முதல் நாள் கணக்கு முழுக் கணக்கு ஆகுமா?

புதுப் படம் ஒன்று வெளியானால், மறுநாளே "முதல் நாள் வசூலில் சாதனை" என்று விளம்பரம் வந்துவிடுகிறது. படம் எப்படி என்ற கேள்வி பின்னுக்குப் போய், வசூல் எவ்வளவு என்ற கேள்வி முன்னால் நிற்கிறது. இந்த வழக்கம் சினிமாவோடு நிற்கவில்லை. டெலிவிஷனோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளின் வியாபாரத்திலும் இதே கூத்துதான் நடக்கிறது.

கன்சோல் எனப்படும் இந்தப் பெட்டிகளின் உலக வியாபாரம் பெரும்பாலும் மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. ஜப்பானின் சோனி, 'பிளேஸ்டேஷன்' என்ற பெயரில் விற்கிறது. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் விற்பது 'எக்ஸ்பாக்ஸ்'. ஜப்பானின் மற்றொரு கம்பெனியான நின்டெண்டோவின் சரக்கு 'வீ', 'ஸ்விட்ச்' முதலியவை. புதுப் பெட்டி வந்த சில நாட்களிலேயே "இத்தனை லட்சம் விற்றோம்" என்று அறிக்கை விடுவது இவர்கள் வழக்கம். அதைப் படித்துவிட்டு, "அதுதான் நம்பர் ஒன், அதையே வாங்க வேண்டும்" என்று பிள்ளைகள் வீட்டில் வழக்காடுவதும் உண்டு.

சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவருக்கும், ஓட்டலில் வேலை பார்க்கிறவருக்கும், ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவருக்கும் இது ஐம்பதாயிரம் ரூபாய் விவகாரம். ஆகவே அந்த முதல் நாள் எண்ணை அப்படியே நம்பலாமா என்று சற்று நின்று யோசிப்பதில் தவறில்லை.

இரண்டு நாடும் பதின்மூன்று நாடும்

2013 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். 15ஆம் தேதி சோனியின் 'பிளேஸ்டேஷன் 4' வெளிவந்தது. 24 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சோனி அறிவித்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி, மைக்ரோசாப்டின் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' வந்தது. அதுவும் 24 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் என்றார்கள். தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் சமம். ஆனால் சோனி சொன்னது அமெரிக்கா, கனடா ஆகிய இரண்டே நாடுகளின் கணக்கு. மைக்ரோசாப்ட் சொன்னதோ அந்த இரண்டையும் சேர்த்துப் பதின்மூன்று நாடுகளின் கணக்கு!

நம் ஊர் உதாரணமாகச் சொன்னால் எளிதில் விளங்கும். சாலையில் இரண்டு அரிசி வியாபாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர், கரமனையிலும் மணக்காட்டிலும் மட்டும் ஒரே நாளில் நூறு மூட்டை விற்றேன் என்கிறார். மற்றவர், பாறசாலை முதல் ஆற்றிங்கல் வரை பதின்மூன்று இடங்களில் நூறு மூட்டை விற்றேன் என்கிறார். இருவர் வியாபாரமும் ஒன்றே என்று எந்தக் கணக்குப் பிள்ளையாவது பேரேட்டில் எழுதுவாரா?

பின்னால் நடந்தது உலகம் அறிந்தது. பிளேஸ்டேஷன் 4 மொத்தத்தில் சுமார் 11 கோடியே 70 லட்சம் விற்றது. மைக்ரோசாப்ட் 2015இல் பெட்டி விற்பனையின் எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. அந்தத் தலைமுறைப் பெட்டிகளில் சோனி தன்னைவிட இரு மடங்குக்கு மேல் விற்றது என்று 2022இல் பிரேசில் நாட்டு அதிகாரிகளிடம் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. இந்த வித்தியாசத்தின் சாயல் முதல் நாள் அறிக்கையிலேயே இருந்தது. நாடுகளின் எண்ணிக்கையைக் கவனித்தவர்கள் கண்ணுக்கு மட்டும் அது பட்டது.

நாட்களின் கணக்கும் இப்படித்தான். 2025 ஜூன் 5ஆம் தேதி வெளியான நின்டெண்டோவின் 'ஸ்விட்ச் 2', 35 லட்சத்துக்கு மேல் விற்றது என்று அறிவிப்பு வந்தது. அது நான்கு நாள் கணக்கு. அதை ஒரு நாள் கணக்கோடு ஒப்பிடுவது, வாரக் கூலியை நாள் கூலியோடு ஒப்பிடுவது போலாகும்.

கிடங்கு காலி என்றால் என்ன பொருள்?

அடுத்தது, "சரக்கு முழுவதும் தீர்ந்தது" என்ற பெருமை. முதல் நாள் எத்தனை விற்கும் என்பதை, வாங்க வருகிறவர்களின் ஆசை மட்டும் தீர்மானிப்பதில்லை; கம்பெனி எத்தனை பெட்டி அனுப்பியது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2000 அக்டோபர் 26இல் அமெரிக்காவில் 'பிளேஸ்டேஷன் 2' வெளியானபோது பத்து லட்சம் பெட்டிகள் அனுப்பத் திட்டம் இருந்தது. உதிரிபாகத் தட்டுப்பாட்டால் அது ஐந்து லட்சமாகக் குறைந்தது. அன்று கடை வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் எந்த விற்பனைக் கணக்கிலும் சேரவில்லை.

2020 நவம்பரில் கொரோனாக் காலத்தில் 'பிளேஸ்டேஷன் 5', 'எக்ஸ்பாக்ஸ் சீரிஸ்' இரண்டும் சில நாள் இடைவெளியில் வந்தன. இரு கம்பெனிகளும், தங்கள் வரலாற்றிலேயே மிகப் பெரிய தொடக்கம் இதுதான் என்று சொல்லிக்கொண்டன. மைக்ரோசாப்ட் அப்போது எண்ணிக்கை எதுவும் தரவில்லை. எண் இல்லாத சாதனையை எதைக் கொண்டு அளப்பது?

இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 வந்தது 2021 பிப்ரவரி 2ஆம் தேதி. விலை 49,990 ரூபாய். அதற்கு முன்பதிவு ஜனவரி 12ஆம் தேதி தொடங்கியது. சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. பத்துப் பெட்டி வந்தாலும் தீரும், பதினாயிரம் வந்தாலும் தீரும்; எத்தனை வந்தது என்று தெரியாமல் "தீர்ந்தது" என்பதில் என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஆனால் அந்தச் செய்தி ஒரு வேலையைச் செய்தது. கிடைக்காத சாமானின் மேல் ஆசை கூடியது. கூடுதல் விலை வைத்து மறுவிற்பனை செய்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கம்பெனிகள் காட்டும் விற்பனையில், கடைக்காரருக்கு அனுப்பியதும் "விற்றது" என்றே எழுதப்படுவதுண்டு. கடை அலமாரியில் தூங்கும் பெட்டியும், யாரோ ஒருவர் வீட்டில் ஓடும் பெட்டியும் அப்போது ஒன்றாகிவிடும்.

முந்தியவர் பிந்தியதும் உண்டு

சரி, எல்லாம் ஒழுங்காக எண்ணிய கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாளில் ஓடியது கடைசி வரை ஓடுமா?

1999 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவில் சேகா என்ற ஜப்பானியக் கம்பெனி 'டிரீம்காஸ்ட்' பெட்டியை வெளியிட்டது. 24 மணி நேரத்தில் 2,25,132 பெட்டிகள் விற்றன; பெட்டியும் விளையாட்டுகளும் சேர்ந்து 9 கோடியே 84 லட்சம் டாலர் வசூல். அந்நாளில் அது பெரிய சாதனை. முடிவு என்ன? 2001 மார்ச்சில் உற்பத்தி நின்றது. உலகம் முழுவதும் விற்றது சுமார் 91 லட்சம். சேகா இந்தப் பெட்டித் தொழிலையே விட்டு விலகியது. 199 டாலர் கொடுத்து வாங்கியவர்கள், அதே பெட்டி 2001 பிப்ரவரியில் 99 டாலருக்கு விற்பதைக் கண்டார்கள். சரக்கில்லாமல் தடுமாறித் தொடங்கிய பிளேஸ்டேஷன் 2, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியாகி 16 கோடிக்கு மேல் விற்றது.

நின்டெண்டோ கதை இதைவிட விசித்திரம். 2006 நவம்பரில் 'வீ' வந்தபோது அமெரிக்கக் கண்டத்தில் முதல் எட்டு நாளில் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. 2012 நவம்பரில் 'வீ யு' வந்தபோது அமெரிக்க நாட்டில் மட்டும் முதல் வாரத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. தொடக்கத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்ல முடியாது. கடைசிக் கணக்கில் 'வீ' 10 கோடியே 16 லட்சம். 'வீ யு' 1 கோடியே 35 லட்சம்.

முதல் விற்பனை கொஞ்சமும் பிரயோஜனமில்லை என்று நான் வாதாடவில்லை. எந்தப் பெட்டி அதிக வீடுகளுக்குப் போகிறதோ அதற்கே விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் அதிகம் விளையாட்டுகள் செய்வார்கள் என்பது உண்மை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதாது, ஓராண்டாவது வேண்டும். அந்த ஓராண்டு காத்திருக்கும் வசதி கம்பெனிக்கு இல்லை. நமக்கு உண்டு.

முதலில் வாங்குகிறவர்களுக்கு வேறொரு தொல்லையும் வரலாம். 2005இல் அமெரிக்காவிலும், 2006இல் நம் நாட்டிலும் வந்த 'எக்ஸ்பாக்ஸ் 360' பெட்டிகள் பலவற்றில் சிவப்பு விளக்கு எரிந்து இயக்கம் நின்றுபோகும் கோளாறு கண்டது. 2007 ஜூலையில் மைக்ரோசாப்ட் அந்தக் கோளாறுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டித்து, அதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. கம்பெனி பொறுப்பேற்றது பாராட்டத்தக்கதே. பிற்பாடு அந்தப் பெட்டி எட்டுக் கோடிக்கு மேல் விற்றது. ஆனால் அந்தக் கோளாறு வெளிப்பட்டது, முதலில் வாங்கியவர்களின் வீட்டில்தான்.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் கணக்குக்கு வருவோம். பெட்டியின் விலை வாசல்படி மட்டுமே. பிளேஸ்டேஷன் 5 இங்கு வந்த சமயம், சோனியின் பெரிய விளையாட்டு ஒன்றின் விலை 4,999 ரூபாய். 2025 ஓணத்துக்குக் கேரள அரசு தன் ஊழியர்களுக்கு அறிவித்த போனஸ் 4,500 ரூபாய். ஓர் ஓண போனஸில் ஒரு விளையாட்டுக்கூட முழுதாக வாங்க முடியாது! பெட்டியைக் குறைந்த லாபத்தில், சில சமயம் நஷ்டத்திலும் விற்றுவிட்டு, விளையாட்டுகளிலும் மாதச் சந்தாவிலும் பணத்தை எடுப்பது இத்தொழிலின் பழைய முறை. ஆகவே தவணையில் பெட்டி வாங்குகிறவர், அதற்குப் பின் வரும் செலவையும் இன்றே எழுதிப் பார்க்க வேண்டும்.

துபாயிலிருந்து வரும் மைத்துனரிடம் சொல்லி வைப்பது நம் ஊரில் சகஜம். அப்படி வரும் பெட்டி கெட்டுப்போனால் இங்கே வாரண்டி செல்லுமா என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டு பிறகு சொல்லி அனுப்புவது நல்லது.

"காத்திருந்தால் விலை ஏறுகிறதே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டாலரில் தொடங்கி 2002இல் 199 டாலராக இறங்கியது. பிளேஸ்டேஷன் 5 அந்த வழியில் போகவில்லை. இந்தியாவில் 2022 நவம்பரில் அது 54,990 ரூபாயாக ஏறியது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் கூடியது. "பொறுத்தார் பூமியாள்வார்" என்பது விலை விஷயத்தில் எப்போதும் பலிக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இடையிடையே சலுகை விற்பனையும் வந்தது. கோளாறு உண்டா, எந்த விளையாட்டுகள் வந்திருக்கின்றன, பிள்ளைக்கு ஆசை நிலைக்கிறதா என்ற மூன்றும் காத்திருந்தவர்களுக்குத் தெரிந்தது. மணிக் கணக்கில் வாடகைக்கு விளையாட விடும் இடங்களும் நகரில் இருக்கின்றன. நாலு தடவை அங்கே அழைத்துப் போய்ப் பார்த்தால், ஐம்பதாயிரம் செலவழிக்கும் முன் பிள்ளையின் மனம் தெரிந்துவிடும்.

அடுத்த முறை ஒரு கம்பெனி முதல் நாள் சாதனையை அறிவித்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை நாள் கணக்கு? எத்தனை நாட்டுக் கணக்கு? கடைக்குப் போனதா, வீட்டுக்குப் போனதா? மொத்தம் எத்தனை பெட்டி அனுப்பினார்கள்? இந்த நான்குக்கும் பதில் இல்லாத எண் விளம்பரத்தைச் சேர்ந்தது, கணக்கைச் சேர்ந்ததல்ல.

பெட்டி வாங்குவதும் வாங்காததும் அவரவர் வசதியையும் விருப்பத்தையும் பொறுத்தது. விளையாட்டு பாவமுமல்ல, பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு ஆசைப்படாத தகப்பனும் இல்லை. ஆனால் ஊர் விட்டு வந்து சம்பாதிக்கும் பணத்தில் ஊருக்கு அனுப்புவது, வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதைச் செலவழிக்கும் முன், மேலே சொன்ன கேள்விகளைப் பிள்ளைகளையே கேட்கச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்குவது என்று முடிவானாலும், எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கியதாக இருக்கும்.